போர்டில் எழுதாத வாடகை

சென்னையில் ஒரு வீட்டை மலிவு என்று யாராவது சொன்னால், கரண்ட்டுக்கு யூனிட் எவ்வளவு என்றுதான் நான் முதலில் கேட்கிறேன். அடுத்து அட்வான்ஸ். அதற்கடுத்து தண்ணீர். வாடகையைக் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வரும் பிள்ளைகள் போன் செய்து, "அக்கா, பன்னெண்டாயிரத்துக்கு வீடு கெடைக்குமாக்கா?" என்று கேட்கும்போதெல்லாம் இதையேதான் சொல்கிறேன். எழுதி வைத்தால் இன்னும் நாலு பேருக்கு உதவும்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. என் வீட்டுக்காரருக்கு ஊரில் வேலை. அவர் பிறகு வருவதாக ஏற்பாடு. முதலில் வந்தது நானும் அம்மாவும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளும். வீடு அமையும்வரை குரோம்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கினோம். வீட்டுக்கென்று மாதம் 13,000 ரூபாய் ஒதுக்கலாம். அதற்கு மேல் போனால் மகளின் பள்ளிக் கட்டணத்தில் கை வைக்க வேண்டும்.

வேளச்சேரியில் 13,000-க்கே ஒரு வீடு வந்தது. இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை, ஹாலில் நல்ல காற்று. கிண்டிக்குப் பக்கம். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. புரோக்கர், "நாளைக்கு இருக்காதும்மா, டோக்கன் குடுத்துடுங்க" என்றார். நான் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வந்து, இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அட்வான்ஸ் பத்து மாதம். அதாவது 1,30,000. அவ்வளவு பணம் கையில் கிடையாது. நகையை வைத்துத்தான் புரட்ட வேண்டும். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,300. கரண்ட் சப்-மீட்டரில், அதாவது ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த மீட்டரில், யூனிட் 9 ரூபாய். எங்களுக்கு மாதம் 150 யூனிட் ஆகும், 1,350. மெயின்டனன்ஸ் 1,000. போர் தண்ணீர் உப்பு, சமையலுக்கும் குடிக்கவும் கேன் வாங்க வேண்டும், 450. புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயிண்டிங் என்று இன்னொரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. இந்த இரண்டையும் அதில் பரப்பினால் மாதம் 2,300-க்கு மேல் வருகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் 19,400 ரூபாய். போர்டில் இருந்தது 13,000.

இந்த 6,400 ரூபாயை யாரும் ஒளித்து வைக்கவில்லை. ஒவ்வொன்றையும் கேட்டால் சொல்கிறார்கள். ஆனால் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியும். நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கியவருக்குத் தெரியாது. புதிதாக வருகிறவர்தான் இந்த ஊரில் அதிக வாடகை கொடுக்கிறார். கையில் மிகக் குறைவாக வைத்திருப்பவரும் பெரும்பாலும் அவர்தான். அதனால்தான் இதைப் பற்றி எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

கரண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பு. ஒவ்வொரு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்கென்று தனி ஈபி மீட்டர் இருந்தால் அந்த இலவசம் குடியிருப்பவருக்கு வந்து சேரும். இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடினால் பில் 700 ரூபாய் அளவில்தான் வரும். அதே 300 யூனிட்டுக்குச் சப்-மீட்டரில் 2,700 கொடுக்க வேண்டும். ஹவுஸ் ஓனர்கள் எல்லோரும் இதில் லாபம் பார்க்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். மூன்று போர்ஷன்கள் ஒரே இணைப்பில் ஓடினால் மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிடும். தாண்டினால் கட்டணமே வேறு அட்டவணைக்கு மாறி எகிறும். அந்தச் சுமை அவர்களுக்கும் உண்டு. ஆனால் கடைசியில் அதைக் கட்டுவது வாடகைக்கு இருப்பவர். அதனால் மாடிப்படி ஏறும் முன்பே கீழே மீட்டர் பெட்டியைப் பாருங்கள். எத்தனை வீடு, எத்தனை மீட்டர் என்று எண்ணுங்கள்.

அட்வான்ஸுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் இயற்றிய புதிய சட்டத்தை 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கு இணையதளமும் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போக மீதி அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஹவுஸ் ஓனர் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது. எல்லாம் நல்ல பிரிவுகள். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் அந்த வாக்கியம் 'வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில்' என்றுதான் தொடங்குகிறது. வீடு இல்லாமல் நிற்கும் ஒருவர் எந்த ஒப்பந்தத்துக்குத்தான் மாட்டேன் என்பார்? அந்த ஒரு சொற்றொடர் மூன்று மாத வரம்பு முழுவதையும் விழுங்கிவிட்டது என்பது என் எண்ணம். அதை நீக்கினால் போதும், ஊரிலிருந்து வருகிற எத்தனையோ குடும்பங்களின் நகை அடகுக் கடைக்குப் போகாது.

இருந்தாலும் சட்டத்தைப் பேரத்தில் சொல்லிப் பார்க்கலாம். சொன்னபோது ஒரு வீட்டுக்காரம்மா, "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும்மா" என்று கதவைச் சாத்தினார். இன்னொருவர் பத்து மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு இறங்கி வந்தார். இறங்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

லீஸ் என்று ஒன்று சொல்வார்கள், நம் பக்கம் ஒத்தி என்பது போல. ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். புதிதாக வருகிறவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து அது கட்டப்படாமல் போனால், பணம் கொடுத்தவர்தான் நடுத்தெருவுக்கு வருவார். போகத்தான் வேண்டும் என்றால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அதைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

இனி, ரூபாயில் எழுத முடியாத செலவு.

"எத்தன பேரு?" என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. மூன்று பேர் என்பேன். "சார் வரலையா?" அவர் ஊரில் வேலை பார்க்கிறார், பிறகு வருவார் என்றதும் முகம் மாறும். "அவர் வந்தப்புறம் வாங்கம்மா, பேசிக்கலாம்." சம்பாதிப்பது நான், வாடகை கொடுக்கப்போவது நான், பக்கத்தில் அறுபது வயது அம்மா நிற்கிறார். அப்படியும் ஒரு ஆண் வந்து நின்றால்தான் அந்த வீட்டின் கதவு திறக்கும். என் கணவரைப் போனில் பேச வைத்துப் பார்த்தேன். சிலர் அதற்குச் சம்மதித்தார்கள். சிலர், "பொம்பளைங்க மட்டும்னா எங்களுக்குப் பொறுப்பு ஜாஸ்தி" என்று அக்கறை போலச் சொல்லி அனுப்பினார்கள்.

அடுத்து ஊர். "திருநெல்வேலியா, எந்தப் பக்கம்?" பாளையங்கோட்டை. "அது சரி, நீங்க என்ன ஆளுங்க?" எங்கள் ஊரில் இந்தக் கேள்வி எப்படியெல்லாம் சுற்றி வளைத்து வரும் என்று தெரிந்தே வளர்ந்தவள் நான். சென்னையில் இருக்காது என்று நினைத்து வருகிறோம். இங்கே அது வாசலிலேயே வருகிறது. பதில் சொல்லாமல் நின்றால் அதுவே பதிலாகிவிடுகிறது. சில கேட்டுகளில் 'வெஜிடேரியன் மட்டும்' என்று எழுதியே தொங்கவிட்டிருக்கிறார்கள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைக்காமல் ஒரு மாதம் இருக்க மாட்டார். அறுபது வயதில் தன் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று அம்மா ஏன் ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும்?

எனக்கு நடந்ததைவிட என் அலுவலகத் தோழிக்கு நடந்ததைத்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல வேண்டும். அவரும் அப்போது வீடு தேடிக்கொண்டிருந்தார். முஸ்லிம். என்னைவிட நல்ல சம்பளம், கணவரும் கூடவே இருக்கிறார், ஒரு குழந்தை. ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு மதிய இடைவேளையில் போன் செய்தார். வீடு காலியாக இருக்கிறது, சாயங்காலமே வந்து பார்க்கலாம் என்றார்கள். கடைசியில் பெயர் கேட்டார்கள். சொன்னார். "ஒரு நிமிஷம்மா..." என்று ஒரு இடைவெளி. பிறகு, இப்போதுதான் வேறு பார்ட்டி டோக்கன் கொடுத்துவிட்டார்கள் என்றார்கள். அவர் போனை வைத்துவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். நான் என் போனிலிருந்து அதே நம்பருக்குப் பேசினேன். வீடு காலியாகத்தான் இருந்தது. சாயங்காலம் வரச் சொன்னார்கள்.

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "பழகிடுச்சு" என்றார். அந்தப் பழக்கம்தான் என்னை அதிகம் வருத்தியது. கடைசியில் அவருக்கு வீடு அமைந்தது, அதே அளவு வீட்டுக்கு நான் விசாரித்த வாடகையைவிட 3,000 ரூபாய் அதிகமாக, ஆபீஸிலிருந்து இன்னும் தள்ளி. கொடுக்கச் சம்மதிக்கும் வீடுகள் குறைவாக இருந்தால், அந்தக் குறைவான வீடுகளுக்குள்ளேயே போட்டி. வாடகை தானாக ஏறுகிறது. வாடகை உயர்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஐடி நிறுவனங்களைச் சொல்வார்கள், மெட்ரோவைச் சொல்வார்கள். அவையும் உண்மைதான். பெயரைக் கேட்டு ஏறும் வாடகையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

எங்களுக்கு வீடு கிடைத்தது இஸ்திரி வண்டிக்காரர் மூலம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தெருமுனையில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருந்தார். சித்திதான், "புரோக்கர விடு, இஸ்திரிக்காரர கேளு, அவருக்குத் தெரியாத வீடா?" என்று சொல்லியனுப்பினார். யார் காலி செய்கிறார்கள், எந்த வீட்டில் ஓனர் சண்டைக்காரர், எங்கே தண்ணீர் நிற்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சென்னையில் வாடகை குறைந்த வீடுகளில் பல இணையத்துக்கே வருவதில்லை. கேட்டில் ஒரு அட்டை தொங்கும்; அல்லது அட்டைகூட இருக்காது, பால் பூத்திலும் மளிகைக் கடையிலும் சொல்லி வைத்திருப்பார்கள். வயதான வீட்டுக்காரர்களுக்கு முன்பின் தெரியாத நூறு பேரின் போன் அழைப்பைவிட, தெருவில் தெரிந்த ஒருவர் கூட்டிவரும் ஆள் போதும். அவருக்குக் கமிஷன் கொடுக்கப் போனபோது வாங்க மறுத்து, "துணி நம்மகிட்ட குடுங்கம்மா, போதும்" என்றார். இன்றைக்கும் எங்கள் துணி அவரிடம்தான்.

இன்னொரு விஷயம் காலம். ஆடியிலும் மார்கழியிலும் இங்கே யாரும் வீடு மாறிப் பால் காய்ச்ச மாட்டார்கள். புரட்டாசியிலும் தயங்குவார்கள். அந்த மாதங்களில் காலியான வீடு சும்மா கிடக்கும், ஓனருக்கு வாடகை நஷ்டம். பள்ளி திறக்கும் முன் மே மாதத்தில் ஒரே வீட்டுக்கு வரிசையாக ஆட்கள் வந்து நிற்பார்கள். அப்போது பேரம் பேச வாய்ப்பே இல்லை. நாங்கள் பேசி முடித்தது ஆடியில். சாஸ்திரம் பார்க்கும் அம்மாவே, "பெருக்குக்கு மறுநாள் பால் காய்ச்சிக்கலாம், பதினெட்டுக்கப்புறம் தோஷம் இல்ல" என்று தனக்குத்தானே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார். அட்வான்ஸ் 80,000 கேட்டவர் 50,000-க்குச் சம்மதித்ததற்கு அந்த மாதமும் ஒரு காரணம்.

தண்ணீரைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்க வேண்டும்: கோடையில் வருமா, மழையில் நிற்குமா. 2019 கோடையில் நகரத்தின் ஏரிகள் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அந்தக் கோடையைப் பார்த்தவர்கள் விருந்தாளிகளை எண்ணுவதில் ஆச்சரியம் இல்லை. "கெஸ்ட்டு அடிக்கடி வருவாங்களா? தண்ணி தாங்காதும்மா" என்று கேட்ட ஒரு பெரியவரிடம் எனக்கு வருத்தமே வரவில்லை. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த எங்களுக்குத்தான் அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆனது. பார்க்கப் போகும் வீட்டில் குளியலறைக் குழாயைப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போர் தண்ணீரின் தன்மை தெரிந்துவிடும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் பணத்தை எப்படிப் பிரிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

மழைக்கு வேளச்சேரிதான் பாடம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே மக்கள் தங்கள் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். நான் முதலில் பார்த்த வீடு இரண்டாவது மாடி. வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் மோட்டாரும் மீட்டர் பெட்டியும் கீழேதான் இருந்தன. அவை மூழ்கினால் இரண்டாவது மாடியிலும் கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. மாடி வீடு என்று நிம்மதியாகிவிடாமல் இதைப் பார்க்க வேண்டும். எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று ஓனரைவிட எதிரில் இருக்கும் மளிகைக்கடைக்காரரைக் கேட்பது நல்லது. அவர் அரிசி மூட்டையைத் தூக்கி வைத்த உயரத்தைக் கையால் காட்டிச் சொல்வார்.

கிழக்குத் தாம்பரம் வீட்டுக்கு வாடகை 10,500. தனி ஈபி மீட்டர். தெருவே மேடு. நகை வட்டி 500, கரண்ட் 350, கேன் தண்ணீரும் மோட்டார் செலவும் சேர்த்து 500. மொத்தம் 12,000-க்குள் அடங்கிவிட்டது. கிண்டிக்கு மின்சார ரயில் டிக்கெட் 5 ரூபாய். தாம்பரத்திலிருந்தே கிளம்பும் வண்டிகள் இருப்பதால் பெண்கள் பெட்டியில் உட்கார இடமும் கிடைக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், ஸ்டேஷனுக்கு நடக்க முடியாத நாட்களிலும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாட்களிலும் செலவு கிடையாது. தென் மாவட்டத்துக்காரர்கள் குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டியே குடியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்குப் போகும் ரயில் தாம்பரத்தில் நிற்கும். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம். தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இந்தப் பக்கத்தில் தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. வீடு தேடி அலைவதற்கு முன் அங்கே இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஒப்பந்தம் எழுதும்போது மூன்று விஷயங்களை விடாமல் கேட்டு வாங்கினேன். அட்வான்ஸை வங்கிக் கணக்கில்தான் போடுவேன். பெயிண்டிங்குக்குப் பணம் பிடிக்கக் கூடாது, நாங்களே அடித்துக் கொடுத்துவிடுவோம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை ஒப்பந்தத்திலும் எழுத வேண்டும். "ரெஜிஸ்டர்லாம் எதுக்கும்மா, நமக்குள்ள என்ன" என்று வீட்டுக்காரம்மா தயங்கினார். அவருடைய மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அம்மாவின் பாதுகாப்புக்கும் அதுதான் நல்லது என்று அவரிடம் போனில் எடுத்துச் சொன்ன பிறகு பதிவும் நடந்தது. குடிவந்த அன்று சுவர், குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து வீட்டுக்காரம்மாவுக்கே அனுப்பி வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைத்தது என்றார்.

இப்போது எங்களுக்குக் கீழே இருக்கும் போர்ஷன் ஆவணியில் காலியாகிறது. "உன் ஆபீஸ்ல யாராச்சும் நல்லவங்களா இருந்தா சொல்லும்மா" என்று வீட்டுக்காரம்மா கேட்டார். தோழியைப் பற்றிச் சொன்னேன். வேலை, சம்பளம், குழந்தையின் வயது, கடைசியில் பெயர். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "மகன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். கேட்டாரா என்று தெரியவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை தோழியையும் குழந்தையையும் நேரிலேயே கூட்டிக்கொண்டு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.